வடமும் முட்டுக்கட்டையும்

ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் லாச்சப்பல் வீதிகளில் உலா வருதலை நாம் அறிவோம். வடம் பிடிப்போரை எல்லோரும் காண்கின்றனர். ஆனால், தாயகத்தின் பெருந்தேர்களில், சில்லருகே முட்டுக்கட்டையுடன் விரைந்து வருவோரைக் கவனிப்பவர் சிலரே. வீதி முனையில் தேரைத் திருப்புவதும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அக்கட்டையே. கூடிச் செய்யும் தொண்டில் மறுப்புரையின் இடமும் இதுவே என்பது என் துணிபு.

கணினித் தமிழின் வரலாறு இதற்குச் சான்று. 1990களில் எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனித்தனிக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. ஒருவர் எழுதிய மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. இக்குறை நீங்க, பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் 1997 முதல் ஊதியம் எதுவுமின்றி, மின்னஞ்சல் வழியே ஆராய்ந்து, ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். ஆங்கிலத்துக்கு உரியவை போக எஞ்சிய இடங்கள் 128. தமிழ் எழுத்துகளோ 247. எவற்றுக்குத் தனியிடம் தருவது, எவற்றைத் துணைக்குறி சேர்த்து எழுதுவது? கருத்து வேற்றுமை எழாதிருக்குமா? எழுந்தது, ஆயினும் பணி முடிந்தது.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை அக்குறியீட்டில் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்தனர். பின்னர் யூனிகோடு பரவியபோது திஸ்கி வழக்கொழிந்தது. ஆனால் உழைப்பு வீணாகவில்லை. ஒழுங்குடன் எழுதப்பட்டமையால் அந்நூல்கள் புதிய குறியீட்டுக்கு மாற்றப்பட்டு இன்றும் வாழ்கின்றன.

இத்தகைய பணிக்குழுவில் “இது சரியன்று” என்று உரைத்து அகல்பவர், தெருவோரத்தில் நின்று கட்டையை எறிபவரை ஒப்பர். “இந்த எழுத்து, இந்தக் கணினியில், இவ்வாறு பிழைக்கின்றது, சோதித்துப் பார்த்தேன், மாற்று இது” என்பவரோ சில்லருகே ஓடுபவர். முன்னவரின் சொல்லால் குழு சோர்வுறும். பின்னவரின் சொல்லால் வழி திருந்தும். குழுவை நடத்துவோர்க்கும் கடமை உண்டு. புதியவரிடம் சிறு வேலை ஒன்றைத் தவணையுடன் ஒப்படைத்தல் வேண்டும். அவர் வினாவுக்கு விடை தருதல் வேண்டும். முடித்த பணிக்குப் பெயர் சுட்டி நன்றி கூறுதல் வேண்டும். ஊர்ச் சிரமதானத்தில் மண்வெட்டி கொடுக்கப்படாதவன் வீடு திரும்புவது இயல்பன்றோ?

பெற்றோரே, 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவற்றுள் பல மீளப் பெற இயலாதவை. ஈழத்து ஏடுகளையும் நூல்களையும் எண்ணிம வடிவில் காக்க 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்தது. நம் பிள்ளைகளுக்குக் கணினி கைவந்தது. நமக்கு எழுத்துப் பிழை கண்ணில் படும். பாட்டனும் பேரனும் ஒரு திரை முன் அமர்ந்து, வாரம் ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்தாலே போதும்; பத்து ஆண்டுகளில் ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் காத்தவர் ஆவோம். வடம் பிடிக்க வாருங்கள். வரும்போது முட்டுக்கட்டையும் கொணருங்கள். அதைச் சில்லருகே வையுங்கள்.