கருப்பு மருதாணியும் பெரியம்மாவின் தலையும்

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஸ்கூடாயில் இருக்கும் என் பெரியம்மா தலைக்கு டை அடித்துக்கொண்டார். இருபது வருடமாக அடிப்பதுதான், அதே பிராண்டுதான். மறுநாள் காதோரம் அரிப்பு. அதற்கடுத்த நாள் காலையில் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கிவிட்டது. கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி எங்களுக்கு விசித்திரமாக இருந்தது: "அண்மையில கையில கருப்பு மருதாணி போட்டீங்களாம்மா?"

போட்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன், ஒரு கல்யாணத்துக்காக, இரவுச் சந்தைக் கடையில். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்ததில் பெருமை வேறு. போட்ட இடம் சிவந்து கொப்புளித்ததை உடம்புச் சூடு என்று விட்டுவிட்டார்.

கைக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்? பெரும்பாலும் இரண்டிலும் இருப்பது பி.பி.டி. எனப்படும் பாரா பினைலின் டையமின். ஆறு கார்பன் அணுக்களால் ஆன பென்சீன் வளையம். அதன் எதிரெதிர் முனைகளில் ஆளுக்கொரு அமின், அதாவது ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும். இந்த நிலையில் அதற்குக் கருமை கிடையாது. டையுடன் வரும் இரண்டாவது போத்தலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. கலந்ததும் அமின்கள் ஹைட்ரஜனையும் எலக்ட்ரான்களையும் இழக்கின்றன. நைட்ரஜனுக்கும் வளையத்துக்கும் நடுவே இருந்த ஒற்றைப் பிணைப்பு இரட்டையாகிறது. வளையத்துக்குள் இருந்த மூன்று இரட்டைப் பிணைப்புகள் இரண்டாகின்றன. பென்சீனின் நிதானம் போய்விட்டது. குயினோன் டைஇமின் என்ற இந்தப் புது மூலக்கூறு எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும். (நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதற்குச் சொந்தம்தான், அங்கே நைட்ரஜன் இருக்குமிடத்தில் ஆக்சிஜன்.)

முடிக்குள் அது பக்கத்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று பிணைப்புகள் வளையத்துக்கு வளையம் நீள, எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் பரவுகின்றன. அப்படிப் பரவியவை கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதால்தான் முடி கறுப்பாகத் தெரிகிறது. பெருத்துப்போன மூலக்கூறு முடியை விட்டு எளிதில் வெளியேற முடியாது. அதனால்தான் ஷாம்புக்கும் அசைவதில்லை.

தோலில் அந்தத் துடிப்பு வேறு வேலை செய்கிறது. அங்கே அது பற்றுவது நம் புரதங்களை. உடம்பின் காவல்படை அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொண்டால் பிறகு லேசில் மறப்பதில்லை. கையில் பழகிய பகையைத்தான் பெரியம்மாவின் உடம்பு தலையில் தீர்த்துக்கொண்டது. ஐரோப்பாவில் தலையில் பூசும் கலவையில் பி.பி.டி. 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தோலில் ஓவியம் வரைய அனுமதியே இல்லை. சந்தைப் பசையில் எவ்வளவு என்று யார் எழுதி ஒட்டுகிறார்கள்?

அசல் மருதாணியின் சாயம் லாசோன். செம்மஞ்சளாகத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாகும். கருப்பாகாது. அதுவும் அரை மணியில் ஆகவே ஆகாது. பிள்ளைகள் கையை நீட்டும் முன் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து அந்த டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். 48 மணி நேரத்துக்கு முன்பே சிறிது தடவிச் சோதிக்க வேண்டும் என்றிருந்தது. கருப்பு மருதாணி ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்றும் இருந்தது. எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். பெரியம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்.