பிள்ளைகளோடு கடலுக்குப் போகுமுன்

ஓகஸ்ட் விடுமுறை வந்தால் பிள்ளைகள் "கசூரினாவுக்குப் போவோம்" என்று நச்சரிப்பார்கள். தாராளமாகப் போங்கள். மருதனார்மடம் சந்தையில் காலையிலேயே பழங்களை வாங்கிக்கொண்டு மானிப்பாய், சங்கானை, பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகரை அடையலாம்.

அங்கே நெடுந்தூரம் ஆழமில்லை, அலையும் குறைவு. அதை நம்பியே நாம் அசந்துவிடுகிறோம். ஓகஸ்டில் வீசும் சோளகம் தென்மேற்குக் காற்று. கசூரினாக் கரையோ வடக்கே பார்த்தது. காற்றடைத்த ரப்பர் வளையத்தில் மிதக்கும் பிள்ளையை அக்காற்று கரைக்குத் தள்ளாது, கடலுக்கே கொண்டுபோகும். வளையத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நீரில் மூழ்கும் பிள்ளை கூச்சலிடும் என்றும் எண்ணாதீர்கள். பெரும்பாலும் சத்தமில்லாமலே மூழ்கிவிடும்.

"எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றே பொருள். ஆகவே முறை வையுங்கள்: அரை மணி நேரம் வாப்பா, அரை மணி நேரம் மாமா. முறைக்காரர் கைபேசியைத் தொடக்கூடாது. லுஹர் தொழும் நேரத்தில் பிள்ளைகள் அனைவரும் கரையேறிவிட வேண்டும். பகற்சோற்றைக் கடையில் கட்டிக்கொள்ளுங்கள். உம்மாவுக்கும் அன்று விடுமுறைதானே!

பிள்ளைகள் நம் கையில் தரப்பட்ட அமானிதம். எண்ணிக் கூட்டிப்போங்கள், எண்ணிக் கூட்டிவாருங்கள்.