முகாம் பெண்ணுக்குத் தனிப் பதிவு

மதுரையைச் சுற்றி ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி என இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. நெருக்கியடித்த வீடுகள். ஒரு வீட்டில் அடி விழுந்தால் பக்கத்து வீட்டில் கேட்கும். விடிந்ததும் 'புருசன் பெண்டாட்டி விவகாரம்' என்று எல்லாரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அடிபட்டவள் எங்கே போவாள்? சொந்தபந்தம் பாதி கடலுக்கு அந்தப் பக்கம். முகாமை விட்டு வெளியே தங்க அனுமதி வேண்டும். கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. 2021-இல் உயர்த்திய பிறகும் அது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அதையும் இழந்து பிள்ளைகளோடு வெளியேற எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

சட்டம் அவள் பக்கம்தான் நிற்கிறது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 'எந்தப் பெண்ணும்' என்றுதான் சொல்கிறது, குடியுரிமையைக் கேட்பதில்லை. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அடிப்பவனை வெளியேற்ற நடுவர் உத்தரவிடலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். இதையெல்லாம் முகாமுக்குள் போய் யார் சொல்வது? மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மாதம் ஒருமுறையாவது அங்கே உட்கார வேண்டும், அதுவும் போலீஸ் துணையில்லாமல். புகார் கொடுத்த அன்றே அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பதிவு, தனி உதவித்தொகை. கேட்டால் கணவன் கையெழுத்தில்லாமல் வேறு முகாமுக்கு மாற்றம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, மறுவாழ்வுத் துறையின் ஓர் உத்தரவு போதும்.