குளிர் மலையில் வௌவால் பெட்டி: சூடு தங்க என்ன வழி?

கேள்வி: ஊட்டி அருகே முட்டைக்கோஸ், கேரட் பயிரிடுகிறேன். பூச்சிகளைப் பிடிக்கும் என்று நானே பலகையில் வௌவால் பெட்டி செய்து, சில்வர் ஓக் மரத்தில் கட்டினேன். ஒரு வருடமாகியும் ஒன்றுகூட வரவில்லை. குளிர்தான் காரணமா? உள்ளே குண்டு பல்பு போடலாமா? நிபா வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
- நீலகிரி மாவட்ட வாசகர்

பதில்: பல்பு வேண்டவே வேண்டாம். வெளிச்சம் இருக்கும் இடத்தில் வௌவால் தங்காது. காய்ந்த பலகைக்குள் பல்பு எரிந்தால் தீ விபத்துக்கும் இடமுண்டு. சூரியன் தரும் சூட்டைப் பிடித்து வைத்தாலே போதும்.

குட்டி வளர்க்கும் தாய் வௌவால்கள் 27 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை சூடுள்ள இடத்தைத் தேடுகின்றன. குளிர்ந்தால் தாய் உடல் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு மந்தமாகிவிடும். பால் குறையும், குட்டி வளர்ச்சி தள்ளிப்போகும். உங்கள் பெட்டி மர நிழலில் இருப்பதால் சூடேற வழியில்லை. கிளைகள் பறந்து வருவதற்குத் தடை. பாம்பும் பூனையும் மரத்தில் ஏறும்.

இடம்: பெட்டியைக் கழற்றி, செங்கல் அல்லது கல் சுவரில் 12 முதல் 15 அடி உயரத்தில் மாட்டுங்கள். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் மெதுவாக விடும். தினமும் குறைந்தது 6 மணி நேரம் வெயில் பட வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் தெற்குச் சுவரைச் சொல்லும். நமக்கோ மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். மலையில் மதியத்துக்குமேல் மேகம் கூடும். தென்மேற்குப் பருவக்காற்றும் மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே காலை வெயில் விழும் கிழக்கு அல்லது தென்கிழக்குச் சுவரே உங்களுக்கு ஏற்றது. ஜன்னல், வாசல், தண்ணீர்த் தொட்டி, கோழிக்கொட்டகை இவற்றுக்கு நேர் மேலே வேண்டாம்.

பெட்டி: உயரம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை அடி இருக்கட்டும். உள்ளே முக்கால் அங்குல இடைவெளியில் பலகைகளை நிறுத்தி மூன்று, நான்கு அறைகளாகப் பிரியுங்கள். நெருங்கித் தொங்கும்போது ஒன்றின் உடல்சூடு மற்றொன்றுக்கு உதவும். பிடித்துத் தொங்க, உள்பக்கம் முழுக்க ரம்பத்தால் குறுக்குக் கோடுகள் கீறுங்கள். கம்பிவலை அடித்தால் நகம் சிக்கும். வந்து இறங்க, பின்பலகை கீழே 4 அங்குலம் நீண்டிருக்கட்டும்.

சூடான காற்று மேலே ஏறுவதால் கூரையிலும் மேல்மூலைகளிலும் ஒரு விரிசலும் இருக்கக் கூடாது. பட்டி வைத்து அடைத்து, கூரைக்கு மேல் தார் ஷீட் போடுங்கள். சமவெளியில் பக்கவாட்டில் விடும் காற்றுத் துளை உங்களுக்குத் தேவையில்லை. அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். எச்சமும் தானே கீழே விழும். வெளியே தண்ணீரில் கரையும் கறுப்புப் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். உள்ளே பெயிண்டும் வார்னிஷும் கூடாது.

சோதனை: கோழிக்குஞ்சுக் கொட்டகையில் தொங்கவிடும் தெர்மாமீட்டரைப் பெட்டியின் மேல்பாகத்தில் வைத்து, ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்துப் பாருங்கள். வெயில் நாளிலும் 27-ஐத் தொடாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். 40-ஐத் தாண்டினாலும் ஆபத்து. கறுப்புக்குப் பதில் பழுப்பு நிறம் அடியுங்கள்.

நிபா பயம்: 2018-இல் கோழிக்கோட்டில் பரவிய நிபாவுடன் தொடர்புபடுத்தப்பட்டவை பழந்தின்னி வௌவால்கள். அவை பெரியவை, மரக்கிளையில் வெளிப்படையாகத் தொங்குபவை. முக்கால் அங்குலச் சந்துக்குள் நுழைய முடியாது. பெட்டிக்கு வருபவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். ஆனாலும் எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள். கடித்தால், கீறினால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். எச்சம் நல்ல உரம். கையுறை போட்டு, மூக்கை மூடி, லேசாகத் தண்ணீர் தெளித்து அள்ளி, மக்குக் குழியில் சேருங்கள்.

புதுப் பெட்டிக்கு வௌவால் வர ஓரிரு வருடம்கூட ஆகலாம். அந்தி நேரத்தில் உங்கள் பக்கம் சிறு வௌவால்கள் பறக்கின்றனவா என்று முதலில் கவனியுங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் பெட்டி வைத்துப் பயனில்லை. வந்தாலும் அவை இரவில் பறக்கும் அந்துப்பூச்சியைத்தான் பிடிக்கும். இலையிலிருக்கும் புழுவைத் தொடாது. எனவே முட்டைக்கோஸில் வைரமுதுகுப் பூச்சிக்கு வரப்போரக் கடுகு, இனக்கவர்ச்சிப் பொறி ஆகியவற்றைக் கைவிடாதீர்கள்.