ஒன்பது பேர், ஒரே பெயர்!

புதுச் சாமான் ஒன்று செய்து விற்க வேண்டுமா? யோசனை சொல்ல இப்போது யந்திரம் வந்துவிட்டது. அதன் பெயர் "சாட்ஜிபிடி".

யந்திரம் கெட்டிக்கார யந்திரம்தான்! 2023-ம் ஆண்டில், அமெரிக்காவில் உள்ள வார்ட்டன் கல்லூரிப் பேராசிரியர்கள் அதைச் சோதித்தார்கள். மாணவர்கள் சொன்ன யோசனைகள் 200. யந்திரம் சொன்னவை 200. வாங்குகிறவர்களுக்கு மிகவும் பிடித்த 40-ல், 35 யந்திரத்தின் யோசனைகள்!

அப்படியானால் மனித மூளைக்கு வேலை இல்லையா?

அவசரப்படாதீர்கள்! அதே கல்லூரியார் 2025-ல் வெளியிட்ட ஆராய்ச்சியையும் கேளுங்கள்.

செங்கல்லையும் விசிறியையும் வைத்து ஒரு விளையாட்டுச் சாமான் செய்ய வேண்டும். இதுதான் கேள்வி. யந்திரத்தின் உதவியோடு வந்த யோசனைகளில், 100-க்கு 94 ஒன்றையொன்று ஒத்திருந்தன. 9 பேர் தனித்தனியே ஒரே பெயரையும் சூட்டியிருந்தார்கள்! யந்திரத்தை நாடாதவர்களோ ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஒரே தட்டில் வார்த்த இட்லிகள்! எல்லாரும் ஒரே சரக்கைக் கொண்டுவந்தால், சந்தையில் எது விலை போகும்?

ஆகவே, முதலில் நீங்கள் யோசியுங்கள். தோன்றியதை எழுதி வையுங்கள். பிறகு யந்திரத்தைக் கேளுங்கள். அது சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பதில் கிடைத்திருக்கலாம்!