35 நொடியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

2019 மார்ச் இறுதியில் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் இசைக்குழு வெளியிட்ட பாட்டு முன்னோட்டம் 35 நொடிதான் ஓடியது. நாஜி வதைமுகாம் கைதிகளின் கோடு போட்ட உடையில் குழுவினர் நிற்கிறார்கள். கழுத்தில் சுருக்குக் கயிறு. அடுத்து பாட்டின் பெயர் வருகிறது: 'டாய்ச்லாண்ட்', அதாவது ஜெர்மனி. அந்த நாடே கொதித்தெழுந்தது.

கண்டித்தவர்களில் மூனிக் யூதச் சமூகத்தின் தலைவர் சார்லோட்டே நோப்லோக்கும் ஒருவர். நாஜிக் காலத்தில் சிறுமியாக இருந்த அவரை ஒரு விவசாயக் குடும்பம் மறைத்து வைத்துக் காப்பாற்றியது. அவர் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவது? தூக்குக் கயிற்றை விளம்பரத் தூண்டிலாக்கியது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் மார்ச் 28 அன்று வந்த முழுக் காணொளியை அந்தத் தவறோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் நான். ஒரு நாட்டின் பெருமையையும் பாவத்தையும் பிரிக்காமல் சேர்த்தே காட்டிய இப்படி ஒரு பாட்டை நான் கண்டதில்லை.

ஸ்பெக்டர் பெர்லின் இயக்கிய இது ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கி.பி. 16இல், ரோமானிய வீரர்கள் நுழையும் காட்டில் தொடங்குகிறது. கீபோர்டின் சின்னச் சுரவரிசை ஒன்று விடாமல் சுழல, அதன் மேல் கிட்டார்கள் பட்டறைச் சம்மட்டியாக இறங்குகின்றன. நூற்றாண்டுகள் முன்னும் பின்னும் தாவுகின்றன: மடத்துத் துறவிகள், ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல், புத்தகம் எரிக்கும் கூட்டம், கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியாளர்கள். எல்லாக் காலத்திலும் ஜெர்மானியா என்ற நாட்டுத்தாய் வருகிறாள். நடித்திருப்பவர் ரூபி கோமி என்ற கறுப்பின ஜெர்மன் நடிகை. நாஜிச் சீருடையிலும் அவளேதான் நிற்கிறாள். கொன்றவர்கள் யாரோ அந்நியர் என்று தப்பிக்க இங்கே வழியில்லை.

தூக்குமேடைக் காட்சியில் பின்னணியைக் கவனியுங்கள். ராக்கெட் கிளம்புகிறது. ஜெர்மன் பொறியியலின் சாதனை என்று பேசப்பட்ட வி-2 ராக்கெட்டை மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகள் சுரங்கத்துக்குள் செய்தார்கள். அங்கே அடைபட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தார்கள். அந்த ராக்கெட்டையும் அதற்காகச் செத்தவர்களையும் ஒரே சட்டகத்தில் வைத்த கை, வெறும் பரபரப்புக்காக வேலை செய்த கை அல்ல. பிறகு அதே கைதிகள் துப்பாக்கி ஏந்தி நாஜிகளைச் சுடுகிறார்கள். இது முன்னோட்டத்தில் இல்லை.

நாஜி அனுதாபிகளோ என்று இந்தக் குழுவினர் மீது சந்தேகம் எழக் காரணம் உண்டு. 1998இல் ஒரு பாட்டுக்கு, ஹிட்லர் ஆட்சியின் பிரசாரப் படங்களை எடுத்த லெனி ரீஃபன்ஸ்டாலின் ஒலிம்பிக் காட்சிகளைப் பயன்படுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். தங்கள் இதயம் இடதுபக்கம்தான் துடிக்கிறது என்று 2001இல் இன்னொரு பாட்டில் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. 'டாய்ச்லாண்ட்' போதும். நாட்டை நேசிக்க மனம் துடிக்கிறது, அதன் வரலாறு விடமாட்டேன் என்கிறது. பாட்டின் சாரம் இவ்வளவுதான். இதைத் தேசத்துரோகம் என்பவரோடு நான் உடன்படமாட்டேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், ரத்தம் அதிகம். கல்லூரி வயதில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரே, கூட உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். முடிந்ததும் மிட்டல்பாவ்-டோரா பற்றித் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.