மனை இருக்கிறது, வீடு கட்ட அனுமதி எங்கே?

பெங்களூரில் இருந்து ஆனேக்கல், ஓஸ்கோட்டை, மாகடி என்று எந்தச் சாலையில் போனாலும் ஒரே காட்சிதான். முன்பு ராகி விளைந்த நிலத்தில் வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். "முப்பதுக்கு நாற்பது சைட்டு, தவணை உண்டு" என்று பலகை தொங்குகிறது.

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளர்கள், அலுவலக குமாஸ்தாக்கள், கட்டிட மேஸ்திரிகள் இந்தப் பலகையின் முன்னால்தான் நிற்கிறார்கள். நகருக்குள் மனை வாங்கக் கட்டுப்படி ஆகாது. வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. பி.எப். பணம், சீட்டுப் பணம், மனைவியின் நகை எல்லாம் சேர்ந்து ஒரு மனையாகிறது.

தொல்லை அதற்குப் பிறகுதான். கையில் பத்திரம் இருக்கிறது. வரி ரசீதும் இருக்கிறது. வீடு கட்ட லைசென்சு கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனால், "இது ரெவின்யூ சைட்டு, லைசென்சு கொடுக்க முடியாது" என்று பதில் வருகிறது.

நான்கு படிகள்

விளைநிலம் வீட்டு மனை ஆவதற்குச் சட்டம் நான்கு படிகளை வைத்திருக்கிறது. முதலாவது, 1964-ம் ஆண்டு கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95-வது பிரிவின்படி, விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற டெபுடி கமிஷனரின் உத்தரவு வேண்டும். இரண்டாவது, அந்த வட்டாரத் திட்ட ஆணையம் மனைப்பிரிவு வரைபடத்தை அங்கீகரிக்க வேண்டும். சாலைக்கும் பூங்காவுக்கும் கால்வாய்க்கும் இடம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது இங்கேதான். மூன்றாவது, கிராம பஞ்சாயத்து 9-ம் படிவமும் 11-ஏ படிவமும் தர வேண்டும். நான்காவதாகத்தான் 1993-ம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டப்படி கட்டிட அனுமதி.

ரெவின்யூ சைட்டு விற்பவர் முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்து விடுகிறார். முறைப்படி செய்தால் நிலத்தில் ஒரு பகுதியைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும். கட்டணமும் கட்ட வேண்டும். குதித்து விட்டால் ஏறத்தாழ முழு நிலமும் விற்பனைக்கு வருகிறது. விலை மலிவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

மனை என்று எழுதாமல் "ஒரு குண்டே விவசாய நிலம்" என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. 40 குண்டே ஒரு ஏக்கர். ஒரு குண்டே 1,089 சதுர அடி. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால், வாங்கலாம் என்றால் வீடு கட்டலாம் என்று பொருள் அல்ல. வெறும் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் நடக்கும் விற்பனை சொத்துரிமையைத் தராது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-லேயே சொல்லி விட்டது.

வரி ரசீது அனுமதி ஆகுமா?

படித்தவர்களையும் ஏமாற்றுவது வரி ரசீதுதான். "பஞ்சாயத்தே வரி வாங்குகிறதே, அப்புறம் என்ன பயம்?" என்கிறார் தரகர். வரி என்பது வசூல், அனுமதி அல்ல. 2025-ல் பஞ்சாயத்துச் சட்டத்தில் செய்த திருத்தம், அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கும் 11-பி படிவத்தில் பதிவு கொடுத்து வரி வசூலிக்க வழி செய்தது. சொத்து கணக்கில் வந்தது. அதனாலேயே மனையில் உள்ள குறை நீங்கி விடவில்லை.

"பின்னால் அரசாங்கமே சரி செய்து விடும்" என்பது தரகர் சொல்லும் அடுத்த ஆறுதல். நகர்ப்புற விதிமீறல்களை வரன்முறைப்படுத்த வந்த 'அக்ரம சக்ரம' திட்டத்துக்கு 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. அந்த ஆறுதலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது போதும்.

யார் தலையில் விடிகிறது?

2024 டிசம்பர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பிடியை மேலும் இறுக்கியது. பணி நிறைவு அல்லது குடிபுகு சான்றிதழ் இல்லாத கட்டிடத்துக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கூடாது என்றது. இதனால் கர்நாடகத்தில் கட்டி முடித்த வீடுகள் பல மின் இணைப்பு இல்லாமல் நின்றன. 2025-ல் மாநில அரசு, பெங்களூரில் 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் கட்டிய சிறு வீடுகளுக்குக் குடிபுகு சான்றில் இருந்து விலக்கு அளித்தது. ஏழைகளுக்கு இது ஆறுதல்தான். ஆனால் சான்றுக்கு விலக்கு என்பது, கட்டிட அனுமதிக்கு விலக்கு ஆகாது.

நிலத்தை விற்றவர் பணத்துடன் போய் விட்டார். தரகருக்குக் கமிஷன் கிடைத்தது. பதிவு அலுவலகத்துக்கு முத்திரைத் தீர்வை, பஞ்சாயத்துக்கு வரி. எல்லோரும் பெற்றுக்கொண்ட பிறகு, தண்டனை மட்டும் கடைசியில் வாங்கிய தொழிலாளிக்கு!

பத்திரப் பதிவுக்கு இ-காத்தாவைக் கட்டாயமாக்கி 2024-ல் அரசு எடுத்த நடவடிக்கை வரவேற்கத்தக்கது. தடுக்க வேண்டிய இடம் பதிவு அலுவலகம்தான். ஆனால் அதற்கு முன்பே வாங்கி விட்டவர்களின் கதி என்ன? மனையைப் பிரித்து விற்றவர்களிடம் இருந்து சாலைக்கும் கால்வாய்க்கும் ஆகும் செலவை வசூலித்து, தகுதியான இடங்களில் சிறு வீடுகளுக்கு முறையான அனுமதி தர அரசு வழிகாண வேண்டும்.

இனிமேல் வாங்குவோர், முன்பணம் கொடுக்கும் முன் மூன்று காகிதங்களைக் கேட்க வேண்டும். அவை நில மாற்று உத்தரவு, அங்கீகரித்த வரைபடம், 9-ம் படிவத்துடன் 11-ஏ. பழைய ஊர்க் குடியிருப்பான கிராமட்டாணா என்று சொன்னால், மனை உண்மையிலேயே அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பஞ்சாயத்தில் விசாரிக்க வேண்டும். "நாளை தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், முன்பணத்தையும் நாளைக்கே கொடுக்கலாம்.

வீட்டைக் கட்டிப்பார் என்றார்கள் பெரியவர்கள். இந்தக் காலத்தில் அதற்கு முன்னால் காகிதத்தைப் பார்த்து விட வேண்டியிருக்கிறது.